பி படிவத்தில் ஒரு கையெழுத்து

2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடி விபத்து. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாதத்தில்தான் சென்னையில் கட்சி அலுவலகங்கள் சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்ப மனு வாங்கத் தொடங்கின. திமுகவில் மனுக் கட்டணம் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய். பெண்களுக்கும் தனித் தொகுதிக்கும் 15,000. தேர்தல் ஆணையம் ஒரு சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்கும் வைப்புத்தொகையோ 10,000தான். ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் அதையும் திருப்பித் தந்துவிடும். தேர்தலில் நிற்பதைவிட, நிற்க விடுங்கள் என்று கட்சியிடம் கேட்பதற்குத்தான் இந்த மாநிலத்தில் விலை அதிகம். அந்தப் பதினைந்தாயிரம் எத்தனை நாள் கூலி என்பது சரம் பின்னும் பெண்ணுக்குத் தெரியும். பீஸ் ரேட்டில் உழைப்பவள் கணக்கில் தவறமாட்டாள்.

மனு கொடுத்த பிறகு நேர்காணல். அந்த ஆண்டு அதிமுக எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை மார்ச் 4 அன்று ஒரே நாளில் நேர்காணல் செய்து முடித்தது. பத்து மணி நேரம் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்குப் பதின்மூன்று பேர். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. கட்சி அலுவலகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை போலும்.

‘அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது, யாருக்குப் போட்டு என்ன’ என்று விருதுநகரிலும் சிவகாசியிலும் கேட்காத தேர்தல் இல்லை. இந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் அது தவறான நாளில் வருகிறது. வாக்குப்பதிவு நாளில் நம் முன் இருப்பது எப்போதோ நடந்து முடிந்த ஒரு தேர்தலின் மிச்சம். உண்மையான தேர்தல் பி படிவத்தில் நடக்கிறது. இன்னார் எங்கள் வேட்பாளர், இவருக்கு எங்கள் சின்னத்தைக் கொடுங்கள் என்று கட்சி எழுதித் தரும் தாள் அது. அதில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்பதை ஏ படிவம் சொல்லும். இரண்டு தாள், ஒரு கை. அந்தக் கை யார் பெயரை எழுதலாம், யாரைக் கேட்டு எழுத வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. அரசியலமைப்புக்கு விசுவாசம் தெரிவிக்கச் சொல்கிறது. உறுப்பினருக்கு வாக்கு உண்டா என்று கேட்கவில்லை.

விருதுநகர் ஆண்கள் சலிக்காமல் சொல்லும் கதை 1967. காமராசரைப் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் தோற்கடித்த கதை. எவ்வளவு பெரிய ஆளையும் நாங்கள் இறக்கிவிடுவோம் என்ற பெருமை அதில் இருக்கிறது. அது போன தலைமுறையின் பெருமை. சாத்தூர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் முதல்முறை சட்டமன்றம் போனது 1977இல், அதிமுகவிலிருந்து. 2021இல் திமுக அமைச்சர். தங்கம் தென்னரசு, தந்தை தங்கபாண்டியன் மறைந்தபின் 1998 இடைத்தேர்தலில் வந்தவர். மாணிக்கம் தாகூர் 2009 முதல் எல்லா மக்களவைத் தேர்தலிலும் நிற்கிறார், ஒருமுறைதான் தோற்றார். இவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. இவர்களுக்குப் பதில் இன்னொருவர் என்ற கேள்வியை நம்மிடம் யாரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் முன்னணியில் இருந்தவர்கள் மூன்று பேர். பதவியிலிருந்த தாகூர், மறைந்த கட்சித் தலைவரின் மகன் விஜய பிரபாகரன், ராதிகா. கணவர் தம் கட்சியை பாஜகவில் இணைத்த சில நாட்களில் வேட்பாளரானவர் ராதிகா. தாகூர் 4,379 வாக்குகளில் வென்றார். பட்டாசு ஊர்ப் பெண்களில் ஒருத்தியின் பெயராவது இந்த மூன்று கட்சியில் எந்த மேசையிலாவது பரிசீலிக்கப்பட்டிருக்குமா? மகனாகவோ மனைவியாகவோ இல்லாமல் அந்த மேசைவரை போக வழி எது?

பெண்களுக்கு இடமே தரவில்லையா என்று கேட்பார்கள். தந்தார்கள். 2016இல் திருவில்லிபுத்தூரிலிருந்து அதிமுகவின் சந்திரபிரபா வென்று போனார். 2021இல் அதே தொகுதியில் அதே கட்சி மான்ராஜை நிறுத்தியது; அவரும் வென்றார். அப்படியானால் கட்சிக்குச் செல்வாக்குக் குறையவில்லை, பெண்ணுக்கு மட்டும் தவணை முடிந்துவிட்டது. சிவகாசியில் லட்சுமி கணேசனை அதிமுக நிறுத்தியது, தோற்றார். அந்தத் தேர்தலில் மாவட்டத்தின் ஏழு தொகுதியிலும் வென்றவர்கள் ஆண்கள். மாநிலம் முழுக்க 234 பேரில் பெண்கள் 12. பெண் வாக்காளர் எண்ணிக்கை ஆண்களைவிட அதிகமாக உள்ள மாநிலம் இது. சாத்தூரில் சீட்டு மறுக்கப்பட்ட எம்எல்ஏ ராஜவர்மன் அமமுகவுக்குப் போய் அங்கேயே நின்றார். சீட்டு மறுக்கப்பட்ட ஆணுக்கு அடுத்த கட்சி இருக்கிறது. மறுக்கப்பட்ட பெண் மகளிரணி வரிசையில் ஆரத்தித் தட்டோடு நிற்கப் போவாள்.

இதனால் என்ன இழப்பு என்று கேட்கும் மாணவிகளுக்காகச் சொல்கிறேன். உங்களில் பலருடைய அம்மாக்கள் மருந்து அறையிலும் குழாய் உருட்டும் திண்ணையிலும் இருப்பதை நான் அறிவேன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர். பிறகு அச்சங்குளம். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஒரே காரணங்கள்: உரிமம் ஒருவர் பெயரில், ஆலை உள்குத்தகைக்கு வேறு பலர் கையில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள், ஆர்டர் நெருக்கடி. இவையெல்லாம் அதிகாரிக்குத் தெரியும், எம்எல்ஏவுக்கும் தெரியும். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தபோது முதலாளிகளின் நட்டம் டெல்லிவரை பேசப்பட்டது. சரம் பின்னிப் பிழைத்த பெண்ணின் கைவேலை போனதை யார் பேசினார்கள்? கணக்குப் புத்தகத்தில் பெயரே இல்லாமல் வீட்டில் வேலை செய்தவளுக்கு இழப்பீடு கேட்க எந்தப் பிரதிநிதிக்கு நாக்கு வரும்? சீட்டுக் கொடுத்தது தலைமை, செலவுக்குக் கொடுத்தது ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் என்றால் அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதில் குழப்பம் ஏது?

அமெரிக்காவில் வேட்பாளரை வாக்காளர்களே முதலில் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. 2018 ஜூனில் நியூயார்க்கில் பத்துமுறை வென்ற ஜோ கிரவுலியை, அதற்குமுன் மதுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் தம் கட்சிக்குள்ளேயே தோற்கடித்தார். அங்கும் பணம் உண்டு, பழைய முகங்கள் உண்டு. அதைச் சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் கதவு என்று ஒன்று இருந்ததால் தட்ட முடிந்தது. இங்கே காங்கிரஸ் 2014இல் பதினைந்து, பதினாறு தொகுதிகளில் கட்சிப் பொறுப்பாளர்களை வைத்து அப்படி ஒன்றைச் செய்துபார்த்துக் கைவிட்டது. தமிழ்நாட்டில் நடந்த ஒன்று விசித்திரமானது. 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலின்போது அதிமுகவில் யார் கையெழுத்துச் செல்லும் என்று சண்டை வந்து, உச்ச நீதிமன்றம் பொதுக்குழுவைக் கேட்கச் சொன்னது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் ஒப்புதல் தந்தார்கள். அந்தத் தாளில் ஒரே பெயர்தான் இருந்தது என்பது எதிரணியின் புகார்.

நாம் தமிழர் கட்சி 2021இல் 117 பெண்களை நிறுத்தியதே என்று ஒரு தோழி கேட்டாள். பாதிக்குப் பாதி, மற்றவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் அந்த 117 பெயரையும் முடிவு செய்தது ஒரே தலைமைதான்.

மேடையில் ஏறினால் எல்லாத் தலைவர்களுக்கும் உத்திரமேரூர் ஞாபகம் வந்துவிடும். குடவோலை, தமிழன் கண்ட ஜனநாயகம். முதற்பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் பெண்ணுக்கு இடமில்லை, நிலமில்லாதவனுக்கு இடமில்லை, அது பிரம்மதேயம். நான் அதைக் கொண்டாடமாட்டேன். எனினும் அதில் இரண்டு விதிகள் உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. மேடையில் இந்த இரண்டு வரிகளை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபின்தான் நடைமுறைக்கு வரும் என்று அதற்கு ஒரு பூட்டு. அதே செப்டம்பரில் இங்கே மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது பயனாளிகள் ஒரு கோடியே ஆறு லட்சம். எண் பொருத்தம் தற்செயல்தான். ஆயிரம் ரூபாயை நான் பழிக்கவில்லை; அது நம் உழைப்பின் பங்கு. ஆனால் பயனாளிப் பட்டியலில் ஒரு கோடிப் பெண்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வேட்பாளர் பட்டியலில் தகுதியான பெண் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் கூசவில்லையே.

இடஒதுக்கீடு வரட்டும். ஆனால் அதே கை, அதே படிவம் என்றால் வரப்போவது யார்? விசாரணைக்குள்ளான தலைவரின் மனைவி, அமைச்சரின் மகள், படம் ஓயாத நடிகை. உள்ளாட்சியில் 50 சதவீதம் வந்தபின் தலைவரம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்ததைப் பார்த்தோமே. அதையும் மீறி நின்று வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைத்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பும் வழி அடைத்துக் கிடக்கிறது.

ஆகவே கட்சியில் இருக்கும் பெண்கள், சட்டத்துக்குக் காத்திராமல் இப்போதே கேட்க வேண்டியவை உண்டு. ஒரு தொகுதிக்கு விருப்ப மனு கொடுத்தவர்களின் பெயர்கள் அந்தத் தொகுதியில் ஒட்டப்படட்டும். பெண்களிடம் மனுக் கட்டணம் வேண்டாம். உறுப்பினர் அட்டை உள்ள ஒவ்வொருவருக்கும், மகளிரணியில் கோலம் போடுகிறவளுக்கும், ஒன்றியச் செயலாளருக்கு உள்ள அதே ஒரு வாக்கு. ஆட்களை அழைத்துவந்து அட்டை போடுவார்கள், சாதி பார்ப்பார்கள், பணம் கொடுப்பார்கள் என்பார்கள். இப்போது மட்டும் எது நடக்கவில்லை? இப்போது அது நம் கண்ணில் படாத அறையில் நடக்கிறது. வாக்குப்பதிவை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், ஊருக்குள்ளேயே வையுங்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மற்ற நாட்களில் விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும்.