ஈய வெள்ளைக்கு யார் வழக்காடுவது?

டைட்டானியம் ஒயிட் வழக்கு ஒருவழியாக முடிந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு தூளை, மூச்சில் போனால் புற்றுநோய் தரக்கூடியது என ஐரோப்பிய ஆணையம் வகைப்படுத்தியிருந்தது. பொது நீதிமன்றம் 2022 நவம்பரில் அதை ரத்து செய்தது. ஆணையமும் பிரான்ஸும் செய்த மேல்முறையீடுகள் 2025 ஆகஸ்ட் 1 அன்று தள்ளுபடியாயின. தீர்ப்பை வரவேற்கிறோம். எண்ணெயில் குழைத்து ட்யூபில் அடைத்த வெள்ளை தூசியாகப் பறக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நிறமித் தூளை வாங்கித் தாமே அரைப்பவர்கள் மட்டும், தீர்ப்பு வந்துவிட்டதே என்று முகமூடியைக் கழற்றிவிட வேண்டாம்.

டைட்டானியத்துக்காக நீதிமன்றம் போக உற்பத்தியாளர்கள் இருந்தார்கள். வண்ணப்பூச்சுத் தொழில் முழுவதும் அதை நம்பி நிற்கிறது. ஈய வெள்ளைக்கு அப்படி யாருமில்லை. இருப்பது நாம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் சட்டமான ரீச் ஒழுங்குமுறையின் 17ஆம் இணைப்பு, 16ஆம் பதிவை எடுத்துப் பாருங்கள். ஈய வெள்ளை, அதாவது ஈயக் கார்பனேட்டுகளை, வண்ணப்பூச்சாக விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. கலைப்படைப்புகள், வரலாற்றுக் கட்டடங்கள் ஆகியவற்றின் சீரமைப்புக்கும் பராமரிப்புக்கும் மட்டும் உறுப்பு நாடுகள் விரும்பினால் அனுமதிக்கலாம். இந்தச் சலுகைக்கு அந்தப் பதிவு மேற்கோள் காட்டுவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு 13ஆம் உடன்படிக்கையை. அந்த உடன்படிக்கையின் 2ஆம் பிரிவோ, கலை ஓவியத்துக்குத் தடை பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடித்து நோயில் விழுந்த தொழிலாளர்களுக்காக எழுதப்பட்ட ஆவணம் அது. அதை எழுதியவர்களுக்கு ஓவியர் யார், சுவர்ப் பூச்சாளர் யார் என்று தெரிந்திருந்தது. பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை.

இதில் அதிகம் இழப்பவர் நகலெடுத்துக் கற்கும் மாணவர். டென்மார்க்கின் நிவோகோர் அருங்காட்சியகத்தில் உள்ள சோஃபோனிஸ்பா ஆங்குவிஸ்ஸோலாவின் குடும்ப ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவர்கள் அவருடைய தந்தை அமில்காரே, தங்கை மினர்வா, தம்பி அஸ்த்ருபாலே. 1550களின் இறுதியில் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்ற படம். முடித்த முகத்தையும் முடிக்காத பரப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்பதால், நகலெடுக்க அதைவிட நல்ல பாடம் அரிது. ஆனால் அதில் உள்ள சதை ஈய வெள்ளையால் ஆனது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2, டைட்டானியத்துக்கு 2.7. பழுப்பு அடித்தளத்தின் மேல் ஈய வெள்ளையை மெலிதாக இழுத்தால் கீழுள்ள நிறம் கசிந்து, கன்னத்தின் ஓரத்தில் நீலச் சாயல் தானாக எழும். அந்த ஹாஃப் டோனை யாரும் பேலட்டில் கலந்து கொண்டுவரவில்லை. டைட்டானியம் அதை மூடிவிடுகிறது. மாணவர் சாம்பலும் நீலமும் சேர்த்து ஈடுகட்டுகிறார்; முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிறது; ஆசிரியர் அவர் கையைக் குறை சொல்கிறார். துத்தநாக வெள்ளைக்குத் தாவலாம் என்றால், சில ஆண்டுகளில் படலம் நொறுங்கும்.

உறுப்பு நாடு அனுமதித்தால், சீரமைப்பாளர் அந்தப் படத்தில் ஈய வெள்ளையைத் தொடலாம். எதிரே ஈசல் போட்டு அதைப் பார்த்து வரைபவர் தொடக்கூடாது. நச்சு இருவருக்கும் ஒன்றே. அது நச்சு என்பதை நாம் மறுக்கவில்லை: உலர்ந்த படலத்தைத் தேய்க்கக் கூடாது, வேலை மேசையில் உண்ணக் கூடாது, குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. இவற்றைப் பின்பற்றத் தெரிந்த வயதுவந்த மாணவரை, பொறுப்பற்றவர் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதைத்தான் ஏற்க முடியாது. பழைய ஓவியங்களைக் காப்பாற்றச் சட்டம் இடம் தருகிறது. அவை செய்யப்பட்ட முறையைக் காப்பாற்ற இடம் தரவில்லை.

ஓவியர்களுக்கான கேட்மியம் வண்ணங்களைத் தடைசெய்ய ஸ்வீடன் முன்மொழிந்தபோது ஓவியர்கள் திரண்டு எழுதினார்கள். 2015இல் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வரையும், கற்பிக்கும் வாசகர்கள் தங்கள் நாட்டு வேதிப்பொருள் ஆணையத்துக்கு எழுத வேண்டும்: 1921 உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில் உள்ள கலை ஓவிய விலக்கை 16ஆம் பதிவில் முழுமையாகச் சேருங்கள். கடிதத்தின் படி ஒன்றை நமக்கும் அனுப்பிவையுங்கள்.