கப்பலா, விமானமா?

இலங்கைக்குப் போவதென்று எங்கள் வீட்டில் தீர்மானமாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் இரண்டு கட்சி. என் கணவர் விமானக் கட்சி. என் மாமியார் கப்பல் கட்சி. நானோ, வழக்கம்போல், இரண்டு கட்சிக்கும் காபி கலந்து கொடுக்கும் கட்சி!

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாணத்தில். 1960-இல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, அத்தை அங்கே போயிருக்கிறார். எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, மதவாச்சியில் வண்டி மாறி... “அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை யாழ்ப்பாணம் போகிற வரை கெடவில்லை” என்று இன்றைக்கும் சொல்வார்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. அப்புறம் யுத்தம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள் என்று கேட்டது முதல் அத்தைக்கு அதே ஞாபகம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதென்றால் சுமார் 400 கிலோமீட்டர். ஊர் சுற்றிப் பார்ப்பவர்களுக்குச் சரி. முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. கப்பலென்றால் நாகை வரை ஓர் இரவுப் பிரயாணம், பிறகு கடலில் சுமார் நாலு மணி நேரம். விமானமோ சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணியில் போய்விடும். அங்கிருந்து யாழ்ப்பாணம் பக்கம்தான். எதில் போனாலும் பாஸ்போர்ட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். விசா அனுமதியையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் குழந்தைகளுக்கு விடுமுறை டிசம்பரில். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நிறுத்தி விடுவார்கள். “அப்படியானால் சித்திரையில் போகலாம்” என்றார் அத்தை. அறுபது வருஷம் பொறுத்தவருக்கு நாலு மாதம் பெரிதா?

அந்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுக்கையில் இருக்கிறாராம். அவருக்கு எண்பத்தேழு வயது. அத்தை ரிசீவரை வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “விமானத்துக்கே சீட்டு வாங்கு, அம்மா” என்றார்.

பயணம் முழுவதும் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். “இவ்வளவுதானா தூரம்!” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அங்கே பெரியம்மாவுக்குத் தங்கையின் முகம் பிடிபடவில்லை. “அக்கா” என்று கூப்பிட்ட குரலில் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத என்னால் முடியாது.

பிரயாணத்துக்கு எது உசிதம் என்று தோழிகள் என்னைக் கேட்கிறார்கள். செலவையும் நேரத்தையும் பிறகு பாருங்கள். யாரை அழைத்துப் போகிறோம், எந்த மாதத்தில் போகிறோம், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அதிலேயே ஆகிவிடும்.

கிளம்பும்போது பெரியம்மா, “சித்திரையிலே கப்பலில் வாடி. துறைமுகத்துக்கே வந்து நிற்கிறேன்” என்றார். அத்தை இப்போதே புளி கரைக்கத் தயாராகிவிட்டார்!