புழைக்கடைத் திறவுகோல்

நாட்டுக் காப்பின்பொருட்டுக் குடிமக்களின் பேச்சையும் மடலையும் கேட்டறிய அரசுக்கெனத் தனிவழி ஒன்று வேண்டும் என்பார் உளர். கொடியோரைப் பிடிக்க அவ்வழி உதவலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அவ்வழியே கள்வனும் வாரானோ?

கிரேக்க நாட்டில் வந்தான். ஆங்கு ஒரு தொலைப்பேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்டற்கென்றே அமைந்த கணினி ஏற்பாடு இருந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் உரிமையற்றோர் அதனுட் புகுந்து, தலைமையமைச்சர் கரமன்லிசு உள்ளிட்ட 100-க்கும் மேற்பட்டோரின் பேச்சைக் களவாய்க் கேட்டனர். 2006-இல் அது வெளிப்பட்டது. காப்புக்கென வைத்த கருவி, காக்கப்பட வேண்டிய தலைவர்க்கே கேடாய் முடிந்தது!

2015-இல் கணினிக் காப்பு வல்லுநர் 15 பேர் வெளியிட்ட அறிக்கையும் இவ்விடரையே எடுத்துக்காட்டிற்று. அரசுக்கு மட்டும் திறந்து, பிறர்க்குத் திறவாத வாயிலை எவரும் இன்னும் அமைத்துக் காட்டினாரல்லர். வருபவன் காவலனா கள்வனா என்று பூட்டு அறியாது, திறவுகோலையே அறியும்.

ஐயத்திற்குரிய ஒருவனை நடுவர் ஆணை பெற்று ஆராய்தல் முறை. அவனொருவன்பொருட்டு ஊரார் அனைவர் பூட்டையும் நொய்தாக்குதல் அறமும் அன்று, காப்பும் அன்று. குடிகளின் மறைவு காவாத அரசு, தன் மறைவையும் காவாது.