கணவாயும் பேத்தையும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையிலே வலை உதறுவதைப் பார்த்தவர்கள் அறிவர்: ஊசிக் கணவாயைக் கூடைக்கு எடுப்பர், ஊதிப் பருத்த பேத்தையைக் காலால் ஒதுக்குவர். நரம்பியலாருக்கோ இவ்விரண்டுமே ஆசான்கள்.

நமது நரம்புக் கலத்திற்குக் கருவைத் தாங்கிய உடல், செய்தி வாங்கும் குறுங்கிளைகள், செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழை ஆகிய பகுதிகள் உண்டு. முள்ளந்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதிலொரு பங்கைத் தாண்டுவது அரிது. இத்துணை நுண்ணிய நூலுக்குள் கருவியைச் செலுத்துவது எங்ஙனம்?

கணவாய் வழிகாட்டிற்று. ஆபத்து நேர்ந்தால் நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாய்வது அதன் இயல்பு. அத்தசைகளை இயக்கும் இழை ஒரு மில்லிமீற்றர் வரை தடித்தது, வெறுங்கண்ணுக்கே தெரியும். நம் இழைகளுக்குள்ள கொழுப்புறை அதற்கில்லை. ஆதலால் வேகத்துக்காகத் தடித்தது. 1936இல் யங் என்னும் ஆங்கிலேயர் இதன் சிறப்பை எடுத்துக்காட்டினார். 1939இல் பிளிமத்தில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அவ்விழைக்குள் மின்வாயைச் செலுத்தினர். தூண்டப்பட்டதும் மென்சவ்வின் வாயில்கள் திறக்கும். சோடியம் அயன்கள் உட்பாயும். பின்னர்ப் பொற்றாசியம் அயன்கள் வெளியேறும். அம்மாற்றம் அடுத்த இடத்தையும் தூண்ட, செய்தி ஓடும். 1952இல் இதனைச் சமன்பாடுகளாகவே எழுதிய அவர்களுக்கு 1963இல் நோபல் பரிசு கிட்டிற்று.

இனிப் பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் மிகுந்துள்ள நஞ்சு, அந்தச் சோடியம் வாயிலையே அடைத்துக்கொள்கிறது. 1964இல் நரஹாஷி என்பாரும் தோழரும் சிங்கி இறாலின் நரம்பிலே இதனைக் கண்டனர். வாயில் அடைபட்டால் செய்தி ஏது? முதலில் உதடும் நாவும் விறைக்கும், கைகால் சோரும், மூச்சுத் தசைகள் ஓயும். நினைவு மட்டும் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும்! இதனினும் கொடிய நிலை வேறென்ன?

கழுவிச் சமைத்தால் போய்விடும் என்பார் பேச்சை நம்பவேண்டாம். கொதிநீரில் அந்நஞ்சு அழிவதில்லை; மாற்று மருந்துமில்லை. ஆயினும் அது நரம்பை அழிப்பதில்லை, வாயிலை அடைப்பதோடு சரி. நஞ்சு விலகும்வரை செயற்கை மூச்சளித்துக் காத்தால் உயிர் பிழைக்கும். ஆதலால் மீன் உண்டவர் உதடு விறைக்கிறதென்றால், கைவைத்தியத்தில் ஒரு நாழிகையும் கழிக்காது ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்க.

“பேத்தை மட்டும் தன் நஞ்சால் சாகாததேன்?” என்று நம் மாணவன் ஒருவன் வினவினான். நல்ல கேள்வி. அதன் சோடியம் வாயிலின் அமைப்பு சிறிதே வேறானது. நஞ்சு அங்கே பற்றுவதில்லை.