உழைப்புத் தாளாமையும் மருத்துவச் சோதனையும்

உடற்பயிற்சி உடலுக்கு நன்று என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நடைப்பயிற்சி நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் இவ்வுண்மைக்கும் ஓர் எல்லை உண்டு. கொரோனாத் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நலிவுறுவோருள் ஒரு சாராரிடம் அவ்வெல்லை வெளிப்படுகிறது. அதனை மறந்து நடத்தப்பெறும் மருத்துவச் சோதனை நோயாளிக்குத் தீங்காய் முடியக்கூடும் என்பது என் கருத்து.

'நீண்டகாலக் கோவிட்' என்னும் பெயரை 2020ஆம் ஆண்டில் முதற்கண் வழங்கியவர்கள் நோயுற்றோரே ஆவர். உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை வகுத்தது 2021 அக்டோபரில்தான். இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று.

இந்நோயின் கூறுகளுள் ஒன்றே நாம் பேச எடுத்துக்கொண்ட உழைப்புத் தாளாமை. இதனைச் 'சோர்வு' என்று மொழிபெயர்த்து அமைதல் பிழையாகும். சோர்வு உழைத்தவர் எவர்க்கும் வருவது; உறங்கி எழுந்தால் தீர்வது. 'உடற்பயிற்சி ஒவ்வாமை' என்பாரும் உளர். ஒவ்வாமை என்றவுடன் தும்மலும் தோல் தடிப்பும் நம் நினைவுக்கு வருவதால் அச்சொல்லும் பொருந்தவில்லை. இந்நோயாளருள் பலர் மாடிப்படி ஏறிய அன்று ஓரளவு நன்றாகவே இருப்பர். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையினின்று எழ இயலாது போவர். உழைப்பின் விலை தவணை கடந்து வட்டியோடு வந்து சேர்கிறது. சோதனை நடத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே. பயிற்சி முடிந்தவுடன் நாடித்துடிப்பை அளந்துவிட்டு அனுப்பிவிடுவோர் நோயைக் காணவே இல்லை.

இது வெறும் மனத்தளர்ச்சி என்று கூறுவோர்க்கு ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் விடை கண்டுள்ளனர். 2024 ஜனவரியில் வெளிவந்த அவர்தம் ஆய்வில் 25 நோயாளரும் 21 நலமுடையோரும் மிதிவண்டிப் பயிற்சிக்கு உட்படுத்தப்பெற்றனர். பயிற்சிக்கு முன்னும், பயிற்சிக்கு மறுநாளும் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்தனர். உயிரணுவின் ஆற்றற்கூடமாகிய மைட்டோகாண்ட்ரியாவின் செயற்பாடு பயிற்சிக்குப் பின் நோயாளரிடம் மேலும் குன்றியிருந்தது. தசைச் சிதைவும் மிகுந்திருந்தது. நோயாளி பொய் சொல்லவில்லை என்பதற்கு அவர் தசையே சான்று கூறிற்று.

இதனையொத்த வரலாறு ஒன்று இங்கிலாந்தில் முன்னரே நிகழ்ந்துள்ளது. நாட்பட்ட அயர்ச்சி நோய் என்பது பெரும்பாலும் தொற்றுக்குப் பின் தோன்றுவது. உழைத்தபின் நலிதலே அதன் தலையாய அடையாளம். அதற்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் முறை பயன் தரும் என்று 'பேஸ்' என்னும் பெருஞ்சோதனை 2011இல் 'லான்செட்' இதழில் அறிவித்தது. அதில் பங்கு கொண்டோர் 641 பேர். உடலியக்கத்தை நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பிடும் வினாநிரலில் 65 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றவரே நோயாளராகச் சேர்க்கப்பட்டனர். முடிவைக் கணக்கிடுகையிலோ 60 பெற்றாலே இயல்பு நிலை எனக் கொள்ளப்பட்டது. ஆகவே 65இல் நுழைந்து 60க்கு இறங்கியவரும் அவ்வளவில் இயல்பு நிலையினர் ஆகிவிடுவர்! விடைத்தாள் திருத்தும் நம் ஆசிரியர் எவரேனும் இதனை ஏற்பரோ? மூலத் தரவுகளை வெளியிட லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. நோயாளி ஒருவரின் முறையீட்டால் 2016இல் தீர்ப்பாயம் அவற்றை வெளியிடச் செய்தது. ஆய்வாளர்கள் தம் முடிவு சரியே என்று பின்னரும் வாதிட்டனர். எனினும் 2007இல் அம்முறையைப் பரிந்துரைத்த பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் 2021 அக்டோபரில் அதனைக் கைவிட்டது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அம்முறையால் நலிந்தோம் என்று உரைத்த நோயாளரின் குரலுக்கு மதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

அதனால் பயிற்சியைச் சோதிக்கவே கூடாது என்பாரோடும் நான் உடன்படேன். சோதிக்காது விட்டால் வணிகர் கையில் நோயாளர் சிக்குவர். 2024இல் வெளிவந்த 'ரீகெய்ன்' என்னும் பிரிட்டன் சோதனையில் 585 பேர் பங்குபெற்றனர். இணையவழி எட்டு வாரம் தரப்பெற்ற உடல், மனப் பயிற்சி ஓரளவு நலம் பயந்தது. ஆனால் அவர்கள் கோவிட்டால் மருத்துவமனையில் கிடந்து மீண்டவர்கள். படுக்கையில் வலுவிழந்த தசைக்குப் பயிற்சி உதவுவது இயல்பே. வீட்டிலேயே இலேசான தொற்றுக் கண்டு, பின்னர் உழைப்புத் தாளாதவராய் மாறியவர்க்கும் அம்முடிவைப் பொருத்துவது ஒருவர்க்குத் தைத்த சட்டையை மற்றவர்க்கு மாட்டுவதாகும்.

115 கோடி டாலர் ஒதுக்கீட்டுடன் 2021இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க அரசின் 'ரெக்கவர்' திட்டம், உடற்பயிற்சியைச் சோதிக்கப் போவதாக அறிந்தபோது நோயாளர் அமைப்புகள் எதிர்த்தன. அத்திட்டத்தின் 'எனர்ஜைஸ்' சோதனை பயிற்சி தாளாதவர்க்கு மறுவாழ்வுப் பயிற்சியையும், உழைத்தபின் நலிவோர்க்கு அளவறிந்து உழைக்கும் முறையையும் தனித்தனியே வகுத்துக்கொண்டது. இப்பிரிவினை வரவேற்கத்தக்கது. ஆயினும் இருசாராரையும் பிரித்தறிவது எளிதன்று. ஒருவரே இரண்டிலும் அடங்கக்கூடும். நோயாளியின் சொல்லே அங்குத் துணை.

அச்சொல்லுக்கு இடந்தருவது நமக்கு அயலான நெறியுமன்று. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. இறைவன் முன் நிற்பதற்கே இச்சலுகை உண்டெனில், ஓடுபொறியின் மேல் நிற்க இயலாதவரை ஐயுறுவது எங்ஙனம் பொருந்தும்? வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, மருத்துவனுக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைத்தார்.

இன்னும் ஒன்று கூற வேண்டும். மிக நலிந்தவர் சோதனைக் கூடத்திற்கு வரவே இயலாதவர். வந்தவருள்ளும் இடையில் நின்றுவிடுவோர் உண்டு. எஞ்சியோரின் சராசரியே முடிவாக அச்சேறினால் அது வலுவுள்ளவர் கணக்கேயாகும். இடைநின்றவர் ஏன் நின்றார் என்று அவர் இல்லம் சென்று கேட்டு, அவ்விடையையும் முடிவுப் பட்டியலிலேயே பதிப்பிக்க வேண்டும். 'ரீகெய்ன்' பயிற்சியையே இணையவழி வீட்டிற்குக் கொண்டு சென்றது. வினாத்தாளைக் கொண்டு செல்வது அதனினும் எளிது.