ஆற்றங்கரைச் சாலையில் நம் பிள்ளைகளின் மிதிவண்டி

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிறது. கோரையாறும் பாமணியாறும் அங்கிருந்து தனிவழி கொண்டு, முத்துப்பேட்டைக் காயலை நோக்கித் தெற்கே செல்கின்றன. இந்த ஆறுகளுக்கும் இவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கும் கரை உண்டு. கரைகள் பலவற்றின் மேல் சாலையும் உண்டு. ஓரிடத்தில் தார், ஓரிடத்தில் கப்பி, ஓரிடத்தில் வெறும் மண். பேருந்து வருவதில்லை, லாரி அரிது. ஒருபுறம் நீர், மறுபுறம் சாலையைவிடத் தாழ்ந்த வயல். மேடு என்று சொல்வதற்கு மதகுப் பாலத்தின் சிறு ஏற்றத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மிதிவண்டிக்கென்றே ஒரு நிலத்தை அமைக்கச் சொன்னாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்துவிட முடியாது.

கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என நம் சமுதாயம் செறிந்து வாழும் ஊர்கள் பல இந்தச் சமவெளியில்தான் இருக்கின்றன. ஆயினும் நம் வீட்டு வாசல்களில் இன்று மிதிவண்டியைக் காண்பது அரிதாகிவிட்டது. காண நேர்ந்தாலும் அது சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக இருக்கும். அல்லது மாடிப்படிக்குக் கீழே துருவேறிச் சாய்ந்து கிடக்கும். தெருமுனைக் கடையில் பால் வாங்கவும் மோட்டார் வண்டி; அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிவாசலுக்குச் செல்லவும் மோட்டார் வண்டி. சபர் சென்று பல ஆண்டுகள் உழைத்து, சர்க்கரை நோயோடும் மூட்டு வலியோடும் ஊர் திரும்பும் சகோதரர்களிடம் மருத்துவர் நடக்கச் சொல்கிறார், மிதிவண்டி ஓட்டச் சொல்கிறார். அவர்கள் நடைப்பயிற்சிக்கு ஒப்புக்கொள்கிறார்கள், மிதிவண்டிக்குத் தயங்குகிறார்கள். காரணம் முழங்கால் அன்று. "என்ன காக்கா, வண்டிய வித்துட்டியளா?" என்று தெருவில் ஒருவர் கேட்டுவிடுவாரே என்ற கூச்சம்தான். மிதிவண்டி வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்த வண்டியில்தான் நம் பாட்டன்மார் சந்தைக்குச் சென்றார்கள், துணி மூட்டை கட்டி விற்றார்கள், நமக்கு வீடு கட்டினார்கள்.

பெரியவர்களின் கூச்சத்தை விட்டுவிடலாம். அது அவர்களோடு போகட்டும். பிள்ளைகளின் நிலைதான் நம்மைக் கவலை கொள்ளச் செய்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவன் வாப்பாவின் மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிறான். பின்னால் இரண்டு நண்பர்கள். வீட்டில் எவரும் தடுப்பதில்லை; சிலர் பெருமைப்படவும் செய்கிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிய வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்துக்கு அஞ்ச வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஜனாஸாவுக்குப் பின் வரும் எந்தத் தண்டனையும் அந்தப் பெற்றோருக்குப் பெரிதாகத் தோன்றப் போவதில்லை.

நெதர்லாந்து நம் கடைமடையைப் போன்றே தட்டையான, நீர் சூழ்ந்த நாடு. நிலம் தட்டையாக இருந்ததால் மட்டும் அது மிதிவண்டி நாடாக நிலைத்துவிடவில்லை. அங்கும் மோட்டார் வண்டிகள் பெருகிச் சாலைகளை நிறைத்தன. 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தனர். அதன் பிறகே பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். அரசும் தன் சாலைக் கொள்கையை மாற்றிக்கொண்டது. தட்டையான நிலம் இறைவன் தருவது. அதில் பிள்ளைகள் அச்சமின்றிச் செல்ல வழிவிடுவது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

நாம் எடுக்க வேண்டிய முடிவுகளில் கடினமானது பெண்பிள்ளைகளைப் பற்றியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் நம் பெண்கள் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெறுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்த வண்டி தம்பிக்குப் போகிறது, அல்லது விற்கப்படுகிறது. அதன் பிறகு கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ, பெரியம்மா வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் ஆட்டோவுக்கும் அண்ணனின் ஓய்வு நேரத்துக்கும் காத்திருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த பெண்ணை ஓட்டாதவளாக ஆக்குகிறோம். கேட்டால், "ஊர் என்ன சொல்லும்" என்கிறோம். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு.

ஒட்டகம் ஏறிச் செல்லும் பெண்களில் குறைஷிப் பெண்களைச் சிறந்தவர்கள் என நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. பிள்ளைகள் மீது அவர்கள் காட்டும் பரிவும் அந்தப் பாராட்டுக்கு ஒரு காரணம். ஆனால் வாகனம் ஏறுவது அவர்களுக்குக் குறையாகக் கருதப்படவில்லை என்பதும் அதிலிருந்து விளங்குகிறது. ஒட்டகத்துக்கு ஒரு நீதி, மிதிவண்டிக்கு ஒரு நீதி என்று எவரும் வாதிட மாட்டார்கள் என நம்புகிறோம். ஆடை ஒழுங்கு, பாதுகாப்பு, தனித்த நெடும்பயணம் ஆகியவற்றைப் பற்றிய நெறிகள் இதனால் தளர்ந்துவிடுவதும் இல்லை. சங்கிலியை முழுதாக மூடும் உறையும், பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி ஒரு வலைத் தடுப்பும் இருந்தால் புர்காவோடு ஓட்டலாம். தலையில் சுற்றிய துணியின் முனையை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இது புதிய யோசனையும் அன்று. நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். தண்ணீர் குடமும் விளைபொருளும் வண்டியில் ஏறியபோது, பெண்களின் நேரம் மிச்சமானதை வீட்டில் இருந்தவர்களே கண்டுகொண்டார்கள்.

பெருஞ்சாலையில் மகளை அனுப்ப அஞ்சும் வாப்பாவின் அச்சம் நியாயமானது. ஆற்றங்கரைச் சாலையைப் பற்றி நாம் பேசுவதே அதனால்தான். அங்கே வேகம் குறைவு, கூட்டம் குறைவு. வாப்பா ஒரு வண்டியிலும் மகள் ஒரு வண்டியிலுமாக ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் 15 கிலோமீட்டர் சென்று திரும்பிவிடலாம். அந்த நேரத்தில் அவர்களிடையே நடக்கும் பேச்சு, கைப்பேசி கிடக்கும் கூடத்தில் நடப்பதில்லை. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். மோட்டார் வண்டியின் வேகத்தில் அதை நிறைவேற்றுவது எளிதன்று. மிதிவண்டியிலோ எதிரே வருபவரின் முகம் தெரியும், பதில் ஸலாமும் காதில் விழும். வயலுக்குச் செல்லும் இந்துச் சகோதரருக்கு ஒரு வணக்கமும் அப்படியே.

காற்றைப் பற்றி ஒரு சொல். மேடில்லாத நாட்டில் காற்றுதான் மேடு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வதே அறிவு. மாற்றிச் செய்தால், களைத்த நேரத்தில் வீடு இன்னும் தொலைவாகிவிடும். இதற்கு விலையுயர்ந்த கியர் வண்டி தேவையில்லை. காற்று நிறைந்த டயரும், பிடிக்கும் பிரேக்கும், ஒலிக்கும் மணியும் உள்ள சாதாரண வண்டி போதும். இருட்டில் கிளம்புவோர் விளக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாக் காலமும் ஒன்றன்று. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அதற்கு முந்தைய கோடையில் தூர் வாரும் இயந்திரங்கள் கரைகளில் ஏறி இறங்கும், சாலை உழுத நிலம் போலாகும். அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு. அதன்மேல் சக்கரத்தை ஏற்றாமல் இறங்கித் தள்ளிச் செல்வதே முறை. மழைக்காலத்தில் கரை வழுக்கும், தடுப்புச் சுவர் இல்லாத இடங்களில் சிறு பிள்ளைகளைத் தனியே விடலாகாது. ஆனால் நாட்டின் அழகும் அப்போதுதான். முத்துப்பேட்டையை அடுத்த உதயமார்த்தாண்டபுரத்து ஏரியில் நத்தை குத்தி நாரைகள் கூடும். அவ்வேரியும் வடுவூர் ஏரியும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கோடியக்கரை 2002இலேயே அந்தச் சிறப்பைப் பெற்றுவிட்டது. வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரைக்குச் செல்லும் வழியில், பருவம் வாய்த்தால் பூநாரைகளைக் காணலாம். உலகம் அங்கீகரித்த இந்த ஈரநிலங்களைப் பார்க்காமலே வளரும் நம் பிள்ளைகள், பறவைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

இந்தச் சாலைகளுக்கு இரண்டு கேடுகள் உண்டு. ஒன்று குப்பை. ஊரின் எல்லையில் ஆற்றங்கரை தொடங்கும் இடம்தான் பல ஊர்களில் குப்பைமேடு. கோழிக் கழிவும் ஞெகிழிப் பையும் அங்கே கொட்டப்படுகின்றன; அவற்றைத் தேடி நாய்கள் கூடுகின்றன; நாய்களுக்கு அஞ்சி மிதிவண்டிகள் விலகுகின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணும் சமுதாயம், பாதையில் இடையூறைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு என்ன விளக்கம் தரும்? மற்றொன்று, கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும் கோரிக்கை: கரைச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பது. அகலமானால் லாரி வரும், பெருஞ்சாலையின் நெரிசலைத் தவிர்க்க விரும்பும் கார்களும் வரும். நமக்குத் தேவை அகலம் அன்று. பள்ளம் நிரப்பப்பட்ட, மதகுகளில் கைப்பிடிச் சுவர் உள்ள, இப்போதிருக்கும் அளவிலான சாலையே.

ஜமாஅத் நிர்வாகிகள் ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மனு கொடுக்கும்போது, வழக்கமான தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால் கோரிக்கைகளோடு இந்த இரண்டையும் சேர்த்து எழுதலாம். மதரஸாவின் விடுமுறை நாளில், ஆலிம்களும் பெற்றோரும் உடன்வர, பிள்ளைகளைக் குழுவாக அழைத்துச் செல்லலாம். பெண்பிள்ளைகளுக்கு அவர்களுடைய உம்மாக்களும் ஆசிரியைகளும் துணையாக வரட்டும். அந்த உம்மாக்களில் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஓட்டியவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.