மதகைத் திறக்கும் முன் கரையைப் பாருங்கள்!

ஹூண்டாய் வென்யூ கார் 2019-ல் விற்பனைக்கு வந்தபோது, அதில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் இருந்தன. ஒன்று 1.2 லிட்டர், அதன் சக்தி 83 குதிரைத்திறன். மற்றது அதைவிடச் சின்னது, 1 லிட்டர்தான். ஆனால், அதன் சக்தி 120 குதிரைத்திறன்! சின்னது பெரியதை ஜெயித்ததற்குக் காரணம், அதிலிருந்த டர்போ சார்ஜர்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த இளைஞருக்கும் ஓர் ஆசை வரும். ‘நம்மிடம் இருக்கும் பழைய காரிலும் ஒரு டர்போவை மாட்டினால் என்ன?’ தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய தம்பிகள் பலர் செல்போனில் டர்போ கிட் விலையைத் தேடிப் பார்த்திருப்பார்கள். ‘ஓடுற வண்டியை ஏன்டா பிரிக்கணும்?’ என்று அப்பா கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால், டர்போ மாட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், வண்டியைப் பிரிக்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு.

40 மூட்டை நெல்

சாதாரண இன்ஜின், காற்றைத் தானாக உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ அப்படி விடாது. புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான வாயுவின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் போகலாம், சக்தியும் கூடும். 1905-லேயே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூச்சி காப்புரிமை பெற்ற யோசனை இது.

கூடுகிற சக்தியை யார் தாங்குவது? 73 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எரியும் உச்சத்தில் அதன் தலையில் 60 பார் அழுத்தம் என்று வைத்தால், கிட்டத்தட்ட இரண்டரை டன் எடை அதன்மேல் விழுகிறது. அதாவது, 60 கிலோ நெல் மூட்டை 40-க்கும் மேல். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, இந்த அடி விநாடிக்கு 50 முறை விழும். டர்போ வந்து அழுத்தம் 40 சதவிகிதம் கூடினால், 40 மூட்டை 56 மூட்டை ஆகும். பிஸ்டனும் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் அதே பழசுதான்!

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்கு முன்பே டெல்டாவில் தூர்வாரும் வேலை நடக்கும், கரைகள் பலப்படுத்தப்படும். எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லணை மதகு திறக்கும். பழைய கட்டுமானத்தின்மேல் பெரிய வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. இன்ஜினுக்கும் இதே நியாயம்தான். முதலில் கரை, பிறகு தண்ணீர்.

ஜெனரல் மோட்டார்ஸும் சாபும்

1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கம்ப்ரஷன் ரேஷியோ 10.25. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன் ரேஷியோ. ஏற்கெனவே அழுத்திய காற்றை இன்னும் 10 மடங்கு நெருக்கினால், தீப்பொறி சரியாகப் பரவும் முன்பே பெட்ரோல் கண்ட இடத்தில் வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான்.

அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் பீய்ச்சும் ஏற்பாட்டை வைத்தார்கள். பெட்ரோலைப் போலவே அதையும் நிரப்ப வேண்டும். பலர் மறந்தார்கள், கார் மந்தமானது, புகார்கள் குவிந்தன. கடைசியில் டர்போவைக் கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்கும் நிலை வந்தது.

15 வருடம் கழித்து, 1977-ல் ஸ்வீடனின் சாப் நிறுவனம் 99 டர்போ காரைக் காட்டியது. அவர்கள் முதலில் கைவைத்தது இன்ஜினின் உள்ளே. 9-க்கு மேல் இருந்த கம்ப்ரஷன் ரேஷியோவை 7.2 ஆகக் குறைத்தார்கள். டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள, வேஸ்ட்கேட் என்ற வால்வைச் சேர்த்தார்கள். சக்தி 145 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. குடும்பத்தோடு தினமும் ஓட்டும் காராகவும் இருந்தது. டர்போ கார் வீட்டு உபயோகத்துக்கும் ஆகும் என்று உலகம் நம்பத் தொடங்கியதில் அந்தக் காருக்குப் பெரிய பங்கு உண்டு.

வார்த்ததும் அடித்ததும்

உள்ளே எதை எதை மாற்ற வேண்டும்?

முதலில் பிஸ்டன். சாதாரண கார்களில் இருப்பது பெரும்பாலும் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்த்த பிஸ்டன். டர்போவுக்குப் பரிந்துரைப்பது ஃபோர்ஜ்டு பிஸ்டன். உலோகத்தைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது. சுவாமிமலையில் சிலையை வார்க்கிறார்கள். கொல்லுப்பட்டறையில் அரிவாளை அடிக்கிறார்கள். நின்று அருள்தரும் சிலைக்கு வார்ப்பு போதும். தினமும் வெட்டு வாங்கும் அரிவாளை யாரும் வார்ப்பதில்லை. நாக்கிங் வந்தால் வார்ப்பு பிஸ்டன் சட்டென்று விரிசல் விடும். அடித்த பிஸ்டன் கொஞ்சம் பொறுக்கும். கம்ப்ரஷன் ரேஷியோவைக் குறைக்கவும் இதுதான் தருணம். தலைப்பகுதி பள்ளமான பிஸ்டனைப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து, பிஸ்டன் ரிங். இதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுவார்கள். ரயில் தண்டவாளத்தில் விடும் இடைவெளி போலத்தான். சூட்டில் ரிங் நீளும். டர்போ இன்ஜினில் சூடு அதிகம் என்பதால் இடைவெளியும் சற்று அதிகம் வேண்டும். இல்லையென்றால் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, பிஸ்டனின் விளிம்பையே உடைத்துவிடும்.

மூன்றாவது, கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும். அதிக ஆர்.பி.எம்-மில் ஓட்டினால்தான் ராடு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். டர்போ இன்ஜினில் குறைந்த ஆர்.பி.எம்-மிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதுகூட ராடு வளையலாம். வளைந்த ராடு ஒருநாள் உடைந்து, இன்ஜின் பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதன்பிறகு அந்த இன்ஜின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

பேரிங், ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட் மூன்றையும் பழசாகவே விடக்கூடாது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் நல்லது. எக்ஸாஸ்ட் வால்வும் கூடுதல் சூட்டைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பது அவசியம். ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருந்தால், டர்போவைப் பற்றிய பேச்சே அப்புறம்தான்.

ஆயிலும் சூடும்

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைக் காப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நல்ல சின்தெடிக் ஆயில், சரியான அளவில் ஆயில் போய்வரும் குழாய்கள் இரண்டும் கட்டாயம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவது எல்லோருக்கும் தெரியும். டர்போ அழுத்தும் காற்றும் அப்படித்தான் சூடாகும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் தேவை. பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்ச பெரிய இன்ஜெக்டர், இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு-வில் புதிய கணக்கு, உயர் ஆக்டேன் பெட்ரோல் என்று பட்டியல் நீளும்.

டர்போ வைத்தே வரும் டிராக்டர் உள்ள வீடுகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு முடித்த கையோடு சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். கொதிக்கும் டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், உள்ளே தங்கிய ஆயில் கருகி பேரிங் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தெரிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் பணமும் சிக்கலாகிவிடும். வேகத்தை ரசிக்க கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. இப்படி மாற்றிய காருக்கான இடம் அதுதான். ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வயல், நடுவில் நெல் காயவைத்திருக்கும் டெல்டா சாலைகள் இல்லை.

பணத்தைப் பிரிக்கும் வரிசையும் இதேதான். முதலில் இன்ஜினின் உள்பாகங்கள். அடுத்து ஆயிலும் குளிர்ச்சியும். பிறகு பிரேக், டயர், கிளட்ச். டர்போ கடைசியில். இந்த வரிசைக்குப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையா? பழைய காரை விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, கம்பெனியிலேயே டர்போ பொருத்தி வந்த காரை வாங்கிவிடலாம். செலவு பெரும்பாலும் குறைவாகவே முடியும். அப்பாவும் நிம்மதியாகப் பின்சீட்டில் உட்காருவார்.